மலைப்பாதையில் ஹெல்மட் கண்ணாடிக்குள் ஆவி படிவது: பூசும் மருந்து ஏன் நிற்பதில்லை?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. தினமும் காலை ஆறு மணிக்குத் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறீர்கள். லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முழுமுக ஹெல்மட்டின் கண்ணாடி உள்ளே வெள்ளையாகிவிடுகிறது. திறந்தால் குளிரில் கண்ணீர் வருகிறது, மூக்குக் கண்ணாடியில் தூறல் விழுகிறது. பாத்திரம் கழுவும் திரவம் பூசினீர்கள். ஓரிரு நாள் நின்றது, பிறகு பழையபடிதான். கூட்டாளிமார் பற்பசை, உருளைக்கிழங்கு, சவர நுரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எதைப் பூசலாம், இல்லையென்றால் கடையில் விற்கும் ஸ்பிரே வாங்கலாமா, விளம்பரத்தில் வரும், கண்ணாடிக்கு உள்ளே பொருத்தும் அந்த உட்தகடு காசுக்குப் பெறுமதியா என்று கேட்கிறீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் மூடினாலும் பாதை தெரியவில்லை, திறந்தாலும் தெரியவில்லை, அந்த ஏற்றத்தில் எப்படிப் பார்த்து ஓட்டுவது என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். மருந்து அதற்குள் தன் இடத்தில் வரும்.

நான் ஹட்டனில் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை வெட்டிப் பொருத்தும் தொழில் செய்கிறவன். ஹெல்மட் கண்ணாடியும் இன்று விற்கும் உடையாத வில்லைகளும் ஒரே பிளாஸ்டிக்: பொலிகார்பனேட். அதன் மேலிருக்கும் கடினப் பூச்சும் ஏறத்தாழ ஒரே வகை. அதை எது காக்கும், எது கெடுக்கும் என்பது என் அன்றாட வேலை. இந்தப் பாதைகளில் பல வருடமாக பைக்கும் ஓட்டுகிறேன். ஹெல்மட்டின் ஓடு எவ்வளவு அடி தாங்கும் என்பது வேறு துறை. அதற்குள் நான் போகவில்லை.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. அடுத்த முறை கண்ணாடி மங்கும்போது ஓரமாக நிறுத்தி, உள்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்குள் பாதை தெளிவாகத் தெரிந்தால் மங்கவைத்தது உங்கள் மூச்சு. தெரியாவிட்டால் வெளிப்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். அங்கே தெளிந்தால் அது வெளியே இறங்கும் பனிமூட்டத்தின் துளி. நம் பக்கத்தில் பல நாட்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆனாலும் எது கூட என்று தெரியவேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். உள்ளே படியும் நீர் துளியாக நிற்காமல் மெல்லிய படையாகப் பரவவேண்டும். வெளியே விழும் நீர் பரவாமல் உருண்டு ஓடவேண்டும். வெளிப்பக்கத்துக்கான மெழுகையும் மழைத்துளி விரட்டும் திரவத்தையும் உள்ளே பூசிக்கொண்டு, "பூசியபிறகுதான் மோசமாகிவிட்டது" என்று சொல்லி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மோசமாகத்தான் ஆகும். மெழுகின் மேல் ஆவி சேப்ப இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு நிற்கும். ஒவ்வொரு உருண்டையும் எதிரே வரும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும்.

உள்ளே ஏன் படிகிறது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அது தேவை. வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ் சூட்டில், ஈரம் கிட்டத்தட்ட நிறைந்த நிலையில் வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்றால் சுமார் 38 கிராம் நீராவியைத் தாங்க முடியும். காலையில் நானுஓயாப் பக்கம் 12 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் அதே அளவு காற்று 11 கிராமைக்கூடத் தாங்காது. மிச்சம் எங்கேயாவது தண்ணீராக இறங்கியே ஆகவேண்டும். மூச்சுக்கு நேர் எதிரே, சில அங்குல தூரத்தில், குளிர்ந்துபோய் நிற்பது கண்ணாடிதான். கொழும்பில் 28 பாகைக் காற்று 27 கிராம் வரை தாங்கும். அங்கே மழை பெய்யாத நாளில் இந்தப் பிரச்சினையே தெரியாமல் ஓட்டுவதற்குக் காரணம் அதுதான். தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரம், நுவரெலியா 1868 மீற்றர். அந்த ஏற்றத்தில் மட்டும் நாலு பாகை அளவு குளிர் கூடும். லிந்துலை தாண்டியதும் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியது சரியான அவதானிப்பு. ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மெதுவாகப் போகும்போது காற்றோட்டமும் குறைந்துவிடும்.

இன்னொரு கணக்கு. சும்மா இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றை வெளிவிடுகிறார். பத்து நிமிடத்தில் அதோடு போகும் நீர் இரண்டரை கிராம் அளவில் வரும்; அரைத் தேக்கரண்டி என்று சொல்லலாம். கண்ணாடியின் பரப்பு 300 சதுர சென்ரிமீற்றர் என்று எடுத்தால், அதன் மேல் ஐந்து மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு) தடிப்பில் நீர் படிவதற்கு 0.15 கிராம் போதும். அந்தளவிலேயே பாதை மறைந்துவிடும். ஒரு மெல்லிய சவர்க்காரப் பூச்சு சமாளிக்கக்கூடியது இந்தச் சின்ன அளவைத்தான். மூச்சு முழுவதும் கண்ணாடியில் போய் மோதிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலையான பூச்சும் கழுவுப்பட்டு வழிந்துவிடும். அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் மூச்சைத் திருப்பச் சொல்கிறேன், பூசுவதைப் பிறகு பார்க்கலாம் என்கிறேன். உங்கள் பூச்சு இரண்டு நாளில் போனதற்குக் காரணம் சவர்க்காரத்தின் குறையென்று எனக்குத் தோன்றவில்லை. அதன் மேல் விழுந்த வேலை அதிகம்.

மூச்சைத் திருப்புவது என்றால் என்ன? ஹெல்மட்டுக்குள் மூக்குக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் அல்லது துணி மடல் வரும். மூக்கின் பாலத்தில் ஒட்டி உட்கார்ந்து, மூச்சை மேலே போகவிடாமல் கீழே தள்ளும். பல ஹெல்மட்டில் இது கழன்று விழுந்திருக்கும், அல்லது இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். உங்களுடையதில் இருந்தால் திரும்ப மாட்டுங்கள். மூக்கில் படாமல் தள்ளி நின்றால் பயனில்லை, ஒட்டி இருக்கவேண்டும். நாடிப் பக்கத்துக் காற்றுத் துவாரம் பெரும்பாலான முழுமுக ஹெல்மட்டுகளில் கண்ணாடியின் உள்பக்கத்தை நோக்கியே காற்றை விடும். குளிருக்காக அதை மூடி வைப்பது நம் ஆட்களின் வழக்கம். குளிரில்தான் அது திறந்திருக்க வேண்டும். பின்னால் இருக்கும் துவாரமும் திறந்திருந்தால்தான் உள்ளே வந்த காற்று போக வழியிருக்கும்.

மலையகத்தில் நான் அடிக்கடி காணும் காரணம் இன்னொன்று இருக்கிறது: மஃப்ளர். கம்பளி மஃப்ளரை வாயையும் மூக்கையும் மூடிச் சுற்றி, அதன் மேல் ஹெல்மட்டை மாட்டுகிறார்கள். முன்பக்கமும் கழுத்தும் அடைபட்டதும் மூச்சுக்கு ஒரே வழி மேலே, கண்ணாடிக்கு. ஹெல்மட்டின் நாடிக்குக் கீழே வரும் துணித் தடுப்பும் அதே வேலையைச் செய்யும். குளிரென்றால் மஃப்ளரைக் கழுத்தோடு நிறுத்துங்கள், மூக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பளிக் குரங்குத் தொப்பியை உள்ளே போடுகிறவர்களுக்கும் இதே சொல். அது ஹெல்மட்டைத் தலையில் இறுக்கமாக உட்காரவும் விடாது. மெல்லிய துணியில் வரும் முகமூடித் தொப்பி, மூச்சுக்கு வாய் திறந்ததாக இருந்தால் பரவாயில்லை. மூக்கில் மட்டும் மூச்சை விட்டால் காற்று கீழ் நோக்கிப் போகும். ஏற்றத்தில் பதற்றத்தில் வாயால் விட்டால் நேரே கண்ணாடிக்கு. அதுவும் பழகக்கூடிய விடயம்தான்.

கண்ணாடியை ஒரு பல் அளவு, அதாவது ஒரு 'டிக்' மட்டும், திறந்து வைப்பது எல்லோரும் சொல்லும் வழி. நானும் சொல்கிறேன். ஆனால் நம் நாட்டில் அது எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் துகள் பனி விழும் காலத்தை எடுங்கள். வெயில் ஏறியபிறகு 10 பாகைக் குளிர், ஈரப்பதன் 60 வீதம் என்றால், அந்தக் காற்றில் கன மீற்றருக்கு 5.6 கிராம் நீர்தான் இருக்கும், ஆனால் அந்தக் காற்றால் 9.4 கிராம் வரை தாங்க முடியும். கிட்டத்தட்ட நாலு கிராமுக்கு இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காற்று உள்ளே வந்தால் படிந்த ஆவியைத் துடைத்தெடுத்துக்கொண்டு போகும். கண்ணாடியை ஒரு பல் திறந்தால் சில நொடியில் தெளிந்துவிடும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றோடு கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் மூட்டம் இறங்கும்போது காற்று ஏற்கனவே நிறைந்திருக்கும். 14 பாகையில் தாங்கக்கூடிய 12 கிராமும் அதற்குள் இருக்கும். அதற்கு மேலே மிதக்கும் துளியும் இருக்கும். அந்தக் காற்று உள்ளே வந்து கொஞ்சம் சூடேறினால்தான் சிறிதளவு இடம் உண்டாகும். கூடவே துளிகளும் உள்ளே வந்து கண்ணாடியிலும் உங்கள் மூக்குக் கண்ணாடியிலும் ஒட்டும். ஆகவே காய்ந்த குளிருக்குக் காற்றோட்டமே போதும். மூட்டத்துக்கும் மழைக்கும் அது போதாது, பரப்பில் பூச்சோ தகடோ வேண்டும். பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஈரமான காலம் மாறி, வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும். நீங்கள் போகும் காலை ஆறு மணி எந்த மாதத்திலும் ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும் நேரம். அதனால் உங்களுக்குக் காற்றோட்டத்தோடு மற்றதும் தேவைப்படும்.

நிறுத்தும் இடங்களில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கடவை, பாதை திருத்தும் இடம், டவுன் நெரிசல் என்று எங்கே நிற்கப்போனாலும், நிற்பதற்குச் சற்று முன்பே கண்ணாடியை முழுதாகத் திறந்துவிடுங்கள். நின்றபிறகு திறப்பது பிந்திவிடும். ஓட்டம் நின்றதும் உள்ளே காற்று நகராது. இரண்டு மூன்று மூச்சிலேயே முழுவதும் வெள்ளையாகிவிடும். கிளம்பி வேகம் பிடித்தபிறகு இறக்குங்கள்.

ஹெல்மட்டை இரவில் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெளியே பைக்கின் கண்ணாடியில் மாட்டிவிட்டால் விடியும்போது அது வெளிக்குளிருக்கே வந்திருக்கும். வீட்டுக்குள் வைத்தால் முதல் சில நிமிடமாவது பிழைக்கலாம். அதைவிடப் பெரிய விடயம், முதல் நாள் மழையில் நனைந்த உள்ளுறை. அது காயாமல் மறுநாள் தலையில் ஏறினால் தலைச் சூட்டில் அந்த ஈரமெல்லாம் ஆவியாகிக் கண்ணாடிக்கே வரும். குளித்துவிட்டு ஈரத் தலையோடு மாட்டினாலும் அதே கதை. உள்ளுறை கழலுமென்றால் கழற்றிக் காயப்போடுங்கள்; கழலாவிட்டால் பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, ஈரம் உறிஞ்சியதும் தாளை மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிடும் வழக்கம் லயத்து வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தேர்மோகோல் சூட்டில் கெட்டுப்போகும். விறகுப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டும். பிசுக்கும் தூசும் இருக்கும் இடத்தில் ஆவி இன்னும் சீக்கிரம் துளியாகப் பிடிக்கும்.

இனிப் பூச்சுக்கு வருகிறேன். சவர்க்காரம் ஏன் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அது நீரின் பரப்பிழுவிசையைக் குறைக்கிறது. அதனால் நீர் துளியாக நிற்காமல் படையாகப் பரவுகிறது. தட்டையான படைக்குள்ளால் வெளிச்சம் சிதறாமல் வரும். பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளின் ஷாம்பு, சவர நுரை, கடையில் விற்கும் பெரும்பாலான ஸ்பிரே எல்லாவற்றிலும் வேலை செய்வது இந்தக் குணம்தான். கைக்கு இதமாக இருக்கவென்று லோஷன் சேர்த்த திரவம் மட்டும் வேண்டாம், பிசுக்கு விடும். பூசும் விதத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் வெதுவெதுப்பான நீரில் கண்ணாடியைக் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். ஒரே ஒரு துளி எடுத்து உள்பக்கம் முழுவதும் மெல்லியதாகத் தேயுங்கள். வெண்மையாகக் காயும்வரை விட்டுவிட்டு, மென்மையான பருத்தித் துணியாலோ வில்லை துடைக்கும் துணியாலோ தெளிவாகும்வரை உலர்த்தியே துடைத்தெடுங்கள். மறுபடி தண்ணீர் விடக்கூடாது. விட்டால் போட்டது போய்விடும். துளி அதிகமானால் மழையில் கரைந்து வழிந்து கண்ணில் படும். கொண்டை ஊசி வளைவில் கண் எரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எத்தனை நாள் நிற்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை ஆவி படியும்போதும் அதில் கொஞ்சம் கரைந்து போகும். காய்ந்த காலத்தில் ஒரு வாரம் நின்றது மூட்டக் காலத்தில் ஒரு காலைக்கே போதாமல் போகலாம். "ஒரு முறை பூசினால் மாதக்கணக்கில்" என்று போத்தலில் அச்சிட்டிருப்பதை நம் ஜூலை மாதத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பது நுவரெலியா, வெலிமடைப் பக்கம் நிறையப்பேர் சொல்வது. மாச்சத்தின் மெல்லிய படை நீரைப் பரவவிடும், கொஞ்ச நேரம் பலன் இருக்கும். ஆனால் காய்ந்ததும் பட்டை பட்டையாகத் தெரியும், இரவில் எதிர் விளக்கில் இன்னும் மோசம். கைக்கு வேறொன்றும் கிடைக்காத அவசரத்துக்கு மட்டும் சரி.

பற்பசை வேண்டவே வேண்டாம். அதில் பல்லைத் தேய்க்கும் நுண்துகள் இருக்கிறது. கண்ணாடியின் கடினப் பூச்சை அது கீறிவிடும். கீறல் பகலில் தெரியாது. மாலையில் சாய்ந்த வெயிலிலும், இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கிலும் கண்ணாடி முழுவதும் வெள்ளை வலையாகத் தெரியும். அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. பெற்றோல், தின்னர், அசிற்றோன், அமோனியா கலந்த ஜன்னல் துடைக்கும் திரவம் இவையெல்லாம் பொலிகார்பனேட்டுக்கு நஞ்சு. தார் ஒட்டிவிட்டது, பூச்சி ஒட்டிவிட்டது என்று பெற்றோலால் துடைத்த கண்ணாடிகளின் ஓரத்தில் மயிர் போல வெடிப்பு ஓடியிருப்பதை என் மேசையில் பார்க்கிறேன். அந்த வெடிப்பு பார்வையை மட்டும் கெடுக்காது, அடி தாங்கும் பலத்தையும் குறைக்கும். ஒட்டியதை எடுக்க ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டால் போதும், தானாக விட்டுவிடும்.

உட்தகட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பின்லொக் என்ற பெயரில் வருவதுதான் அதில் பெயர்பெற்றது. கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் சின்ன முளைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய தகடு வளைந்து உட்காரும். தகட்டின் விளிம்பில் ஓடும் சிலிக்கன் வரப்பு கண்ணாடியோடு ஒட்டி, நடுவே ஒரு காற்றுப் படையை அடைத்து வைக்கும். வெளிக்குளிர் உள் தகட்டுக்கு முழுதாக வராது. தகடும் ஈரத்தை உறிஞ்சும் பொருளால் ஆனது. குளிரைத் தடுப்பது, ஈரத்தை உறிஞ்சுவது என்று இரண்டு வேலையும் ஒன்றாக நடப்பதால் மூட்டத்தில் சவர்க்காரம் தோற்கும் இடத்தில் இது நிற்கும். உங்களைப் போலத் தினமும் விடியலில் ஏறுகிறவருக்குப் பெறுமதி உண்டு என்று தயக்கமில்லாமல் சொல்வேன். தகட்டில் 30, 70, 120 என்று இலக்கம் வரும். இலக்கம் கூடினால் தாக்குப்பிடிக்கும் நேரமும் கூடும். எதுவாக இருந்தாலும் உறிஞ்சும் அளவுக்கு எல்லை உண்டு, நிறைந்துவிட்டால் அதுவும் மங்கும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள்.

தகடு போட்டும் மங்குகிறது என்று வருகிறவர்களில் பலருக்குத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவேதான் ஆவி இருக்கும். சிலிக்கன் வரப்பு எங்கோ ஓர் இடத்தில் ஒட்டாமல் இருக்கிறது என்று அர்த்தம். முளைகள் மையம் விலகியதாகச் செய்யப்பட்டிருக்கும். அவற்றைச் சற்றுத் திருப்பினால் தகடு இறுகும். கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்சம் விரித்துப் பிடித்துத்தான் பொருத்த வேண்டும், பலவந்தமாகத் தள்ளக்கூடாது. தகடு மென்மையானது, நகம் பட்டாலும் கீறும். வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் தவிர வேறெதுவும் படக்கூடாது; சவர்க்காரப் பூச்சு அதற்கு வேண்டாம், உறிஞ்சும் தன்மையை அது அடைத்துவிடும். இரவில் எதிர் விளக்கு இரண்டாகத் தெரிவது போன்ற ஒரு சின்னக் குறை இதில் உண்டு. சிலருக்கு அது பழகிவிடும், சிலருக்குப் பழகாது. முளை இல்லாத கண்ணாடிக்கு ஒட்டும் தகடுகளும் விற்கிறார்கள். அவற்றில் தரம் மிக ஏறி இறங்குகிறது. ஒட்டும்போது குமிழி விழுந்தால் அவ்வளவுதான், ஆகவே நான் யாருக்கும் உறுதி சொல்லிக் கொடுப்பதில்லை. புது ஹெல்மட் வாங்கும்போது இலங்கைத் தர நியமமான எஸ்.எல்.எஸ். 517 அல்லது ஐரோப்பிய விதியான ஈ.சி.ஈ. 22 முத்திரையோடு, கண்ணாடியில் முளை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈ.சி.ஈ. விதியில் ஆவி பிடிக்காத தன்மைக்கான சோதனை கட்டாயமில்லை. முத்திரை இருக்கிறது என்பதால் கண்ணாடி மங்காது என்று நினைத்துவிட வேண்டாம்.

மூக்குக் கண்ணாடி தனிக் கதை. ஹெல்மட் கண்ணாடிக்குத் தகடு போட்டால் உங்கள் வில்லை தெளிந்துவிடாது. அதற்குக் கைகொடுப்பது மூக்கின் மேல் வரும் மடல்தான். முகக்கவசம் போடுகிறவராக இருந்தால் மேல் ஓரத்தில் கம்பி உள்ளதை வாங்கி, மூக்கோடு அழுத்தி வளைத்து, சட்டத்தை அதன் மேலே உட்காரவையுங்கள். வில்லையை லோஷன் இல்லாத சவர்க்கார நீரில் கழுவி, தட்டி உதறிக் காயவிட்டாலே ஓரளவு தாங்கும். சட்டையின் நுனியால் துடைக்காதீர்கள், தேயிலைத் தூசும் மண்ணும் வில்லையைக் கீறும். அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது, கன்னத்தில் படாத, மூக்குத் தாங்கி சற்று உயர்ந்த சட்டமாக எடுங்கள். வில்லைக்குப் பின்னால் காற்று நகர இடம் கிடைக்கும்.

வெளிப்பக்கத்துத் துளிக்கு என்னிடம் இவ்வளவு நல்ல பதில் இல்லை. துளி விரட்டும் திரவம், பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும், வெளியே பூசலாம். ஆனால் உருண்ட துளியைத் தள்ளிவிடக் காற்று வேகம் வேண்டும். ஏற்றத்தில் 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் அது நகராமல் அங்கேயே நிற்கும். சமதரையில் நன்றாக இருக்கும் மருந்து இறம்பொடை வளைவுகளில் ஏமாற்றுவது அதனால்தான். இடது கையுறையின் பெருவிரலில் மென்மையான ரப்பர் விளிம்பு தைத்துக்கொண்டு அவ்வப்போது வழித்துவிடுவது எளிய வழி. கரடுமுரடான தோலால் வழித்தால் கீறும்.

மஞ்சள் கண்ணாடி போட்டால் மூட்டத்துக்குள் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மூட்டத்தின் துளிகள் வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் அவை ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். சிலருக்கு மஞ்சளில் பார்வைக்கு இதமாகத் தோன்றலாம், அதை நான் மறுக்கவில்லை. கூடுதலாக எதுவும் தெரியவராது, வரும் வெளிச்சம்தான் குறையும். கறுப்புக் கண்ணாடி என்றால் பேச்சுக்கே இடமில்லை, பின்னேரம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கும் ஊர் இது. விளக்கை உயர்த்திப் போட்டால் அந்த வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்த்திப் போட்டு இடது பக்கத்துக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். முன்னால் போகும் வாகனத்தின் பின் விளக்கே தெரியாத நிலை வந்தால் எந்தக் கண்ணாடியும் உதவாது. பாதையை விட்டு விலகி, தேநீர்க் கடையோ பஸ் தரிப்பிடமோ கண்ட இடத்தில் நின்றுவிடுங்கள். வேலைக்குப் பிந்துவதை அலுவலகத்தில் பேசிச் சரிசெய்யலாம்.

இந்தத் தொல்லைக்காக அரை ஹெல்மட்டுக்கு மாறிவிடலாமா என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதில் மூச்சு கீழால் போவதால் ஆவி குறைவு என்பது உண்மை. ஆனால் விழுந்தால் நாடியும் முகமும் நேரே தார்ப்பாதையில். நான் மாறச் சொல்லமாட்டேன்.

நாளைக் காலைக்கு இவ்வளவு செய்யுங்கள்: நாடித் துவாரத்தைத் திறவுங்கள், மஃப்ளரைக் கழுத்துக்கு இறக்குங்கள், இன்றிரவு ஹெல்மட்டை வீட்டுக்குள் வைத்து உள்ளுறையைக் காயவிடுங்கள், ஒரு துளி சவர்க்காரத்தை நான் சொன்ன விதத்தில் பூசுங்கள். ஏற்றத்தில் மங்கினால் அந்த விரல் பரீட்சையையும் செய்து பாருங்கள். பிறகு எழுதும்போது மங்கியது உள்ளேயா வெளியேயா, உங்கள் கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு முளைகள் இருக்கின்றனவா, மூக்கு மடல் இன்னும் இருக்கிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். தகடு மட்டும் வாங்கினால் போதுமா, கண்ணாடியையே மாற்ற வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்லலாம்.